குன்றுடையார் கோயில் உத்திரம்

பெரம்பலூரிலிருந்து பச்சைமலைக்குப் போகிறவர்கள் யாரும் வேங்கைக்குடிக்காட்டில் இறங்குவதில்லை. மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற கடைசி ஊர் அது. ஒரு டீக்கடை, ஒரு வேகத்தடை, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளக் கொல்லைகள். வண்டி வேகத்தடையில் ஒருமுறை குலுங்கும். அதற்குள் ஊர் முடிந்துவிடும். நானும் என் மனைவி பரிமளாவும் நான்கு முறை அப்படிக் குலுங்கிக்கொண்டே மலைக்குப் போய் அருவியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். ஐந்தாவது முறை போனபோது சோளம் ஒடித்து முடிந்திருந்தது. வெறுங்கொல்லைகளுக்கு அப்பால், மலைச்சரிவை ஒட்டி, கறுத்த கல்விமானம் ஒன்று தெரிந்தது. பரிமளா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

கோயில் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த ஓட்டு வீட்டிலிருந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஒருவர் வந்தார். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி. அவர்தான் கொளஞ்சியப்பன். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோயிலுக்குக் காவல். திறப்பது, கூட்டுவது, விளக்குப் போடுவது எல்லாம் அவர்தான். பிரதோஷத்துக்கு மட்டும் குருக்கள் டவுனிலிருந்து வண்டியில் வருவார்.

குன்றமுடைய நாயனார் என்று கல்வெட்டில் இருக்கிற பெயர் ஊர் வாயில் குன்றுடையார் ஆகிவிட்டது. சோழர் காலத்துக் கோயில். சின்னது, ஆனால் ஒரு கல்கூட வீணாக வைத்தது இல்லை. கொளஞ்சியப்பன் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். யானை எப்படிக் கல்லை இழுத்து வந்தது, ராஜா எங்கே கூடாரம் அடித்திருந்தார், எந்தத் தூணில் காதை வைத்தால் மலைமேல் பெய்கிற மழை கேட்கும் என்றெல்லாம் சொன்னார். பரிமளா காதை வைத்துப் பார்த்தாள். கேட்கிறது என்று அவருக்காகச் சொன்னாள்.

அவர் மனைவி வீரம்மாள் பருத்திக்குக் களையெடுக்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று ஒரே பிடியாக நின்று, சோளச்சோறும் தட்டாம்பயற்றுக் குழம்பும் போட்டார். அதிகம் பேசவில்லை. ஐம்பது வயதிருக்கும். மணிக்கட்டு ஆண்களுடையதைவிடத் தடிமனாக இருந்ததை மட்டும் கவனித்தேன். அவரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கோயிலைப் பற்றிக் கேட்க வேண்டியது கொளஞ்சியப்பனிடம் என்று நினைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு மலைக்குப் போவது குறைந்து வேங்கைக்குடிக்காட்டுக்குப் போவது கூடியது. நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மாதிரிகள் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். கல் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் கொளஞ்சியப்பனுக்கு என்மேல் ஒரு தனி மரியாதை. ஊருக்குள் என்னைக் கல்லு படித்த சார் என்று சொல்லி வைத்திருந்தார்.

ஐப்பசியில் அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. விமானத்தின் இரண்டாவது தளத்தில் ஓர் அரசங்கன்று முளைத்துவிட்டது. வேர் உள்ளே இறங்கினால் கல் பிளந்துவிடும் என்று, மழை விட்ட ஒரு காலை நேரத்தில் கொளஞ்சியப்பன் மேலே ஏறினார். கன்றை வேரோடு பிடுங்கியும் விட்டார். இறங்கும்போது பாசியில் கால் வழுக்கியது. தொடை எலும்பு இரண்டு துண்டு. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள்.

ஒரு மகன், திருப்பூரில் வேலை. வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனான். வீரம்மாள் காலையில் கோயிலைத் திறந்து விளக்குப் போட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், சாயங்காலம் திரும்பி மறுபடி விளக்குப் போட்டார். களைக்குப் போக முடியவில்லை.

ஆள் விழுந்த செய்தி மேலே போனதும் கோயிலின் உறுதியைப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை இன்ஜினியர் வருவதாகச் சொன்னார்கள். கொளஞ்சியப்பன் படுக்கையிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"சார், நீங்க ஒரு எட்டு வந்து நில்லுங்க. கோயிலு ஆகாதுன்னு எழுதிட்டாங்கன்னா சாமிய டவுனுக்குக் கொண்டுபோயிருவாங்க. அப்பறம் எங்கேருந்து திரும்பி வரப்போவுது. கல்லப் பத்தித் தெரிஞ்சவங்க ஒருத்தர் பக்கத்துல இருந்தா தெம்பா இருக்கும்."

சாமி போய்விட்டால் அவருக்கும் அங்கே வேலை இல்லை. அதை அவர் சொல்லவில்லை. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

இன்ஜினியர் ஒரு பெண். பிரவீணா என்று பெயர். முப்பது வயதுக்குள். தூறல் நிற்காமல் இருந்தது. மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் மறைந்திருந்தது. ஊர் ஜனம் ஐம்பது பேர் குடையும் சாக்குமாக மண்டபத்துக்கு வெளியே நின்றது. கோயில் காரியங்களை முன்னின்று பார்க்கிற சாமிக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். பிரவீணா யாரிடமும் விறைப்பாகப் பேசவில்லை. விமானத்தைப் பார்த்தார், கருவறையைப் பார்த்தார், இரண்டும் திடமாக இருப்பதாகச் சொன்னார். முன்மண்டபத்துக்கு வந்ததும் அவர் முகம் மாறியது.

அந்த மண்டபத்தின் கூரையை இரண்டு உத்திரங்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் பதினோரு அடி நீளம், ஒரே கல். வாசல் பக்கத்து உத்திரத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கறுப்பாக ஒரு கோடு ஓடியது. எனக்கு அது முதல்நாளே கண்ணில் பட்டிருந்தது. பிரவீணா டார்ச் அடித்து வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சுரங்கத்தில் இருக்கிறீர்களாமே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

வெடிப்பு மாதிரித்தான் தெரிகிறது என்றேன்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது சுண்ணாம்புக்கல். மலைக்கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. ஐம்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரவீணா குறிப்பு எழுதத் தொடங்கினார். மண்டபத்தை மூட வேண்டும், முழுவதும் பிரித்துத்தான் கட்ட முடியும், அது எப்போது என்று தன்னால் சொல்ல இயலாது, அதுவரை சாமி டவுன் கோயிலில் இருக்கட்டும் என்றார். அதைச் சொல்வதற்கு அவருக்கே சங்கடமாக இருந்தது. வெளியே ஒரு கிழவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வீரம்மாள் அப்போது எல்லோருக்கும் சுக்குக்காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அது வெடிப்பு இல்லீங்க. நரம்பு."

பிரவீணா எழுதுவதை நிறுத்தினார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

வீரம்மாள் சொன்னது நான் அதுவரை கேட்டறியாத செய்தி. அவர் பிறந்தது கல் உடைக்கிற குடும்பத்தில். பதிமூன்று வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை குவாரியில் அப்பாவோடும் அண்ணனோடும் வேலை செய்திருக்கிறார். வெட்டி எடுத்த கல்லைத் தட்டிப் பார்த்து, இது தூணுக்கு ஆகும், இது ஜல்லிக்குத்தான் ஆகும் என்று பிரித்துப் போடுவது பத்து வருடம் அவர் வேலை. இத்தனை நாளும் கதை கேட்டுக்கொண்டு நாங்கள் எல்லாரும் அந்தத் தூண்களைச் சுற்றி வந்திருக்கிறோம். கல்லைத் தெரிந்த ஒரே ஆள் வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு சுத்தியலும் ஏணியும் குடுங்க மேடம். தட்டிக் காட்டுறேன்."

சாமிக்கண்ணு, விடும்மா, படித்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு நாம் என்ன பேசுவது என்றார். பிரவீணா, ஏறட்டும் என்றார்.

மூங்கில் ஏணியைச் சாத்தி இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். வீரம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். வாசல் உத்திரத்தின் ஒரு முனையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். கிணீரென்று ஒரு சத்தம். ஏணியை நகர்த்தி நடுவில் தட்டினார். மறு முனையில், கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே, கோட்டின்மேலேயே தட்டினார். எங்கே தட்டினாலும் அதே சத்தம்தான்.

"ஒடஞ்ச கல்லு இப்படிப் பேசாது மேடம். இந்த நரம்பு கல்லு பொறக்கையிலயே கூடப் பொறந்தது. நீளவாக்குல ஓடுது, தாங்கும். குறுக்க ஓடியிருந்தா அன்னைக்கே தூக்கிப் போட்டுருப்பாங்க."

பிரவீணா தாமே ஏணியில் ஏறினார். மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை எடுத்து அந்தக் கோட்டில் நுழைத்துப் பார்த்தார். ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை. நகத்தால் தடவினார். இறங்கி வந்து, குறிப்பில் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். வெளியே நின்ற கூட்டத்தில் பேச்சுக் கலகலத்தது. சாமிக்கண்ணு கையெடுத்து விமானத்தைக் கும்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றாலும் மனசுக்குள் சந்தோஷம்தான்.

அத்தோடு முடிந்திருக்கலாம். வீரம்மாள் ஏணியைத் தூக்கி உள் உத்திரத்துக்கு நகர்த்தச் சொன்னார்.

உள் உத்திரம் கருவறை பக்கம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வெள்ளையடித்து, வழுவழுவென்று பார்க்க அழகாக இருக்கும். பிரதோஷத்தன்று ஊரே அதற்குக் கீழேதான் நிற்கும். யாரும் அதைப் பார்க்கச் சொல்லவில்லை. வீரம்மாள் ஏறி முனையில் தட்டினார். கிணீரென்றது. ஒரு முழம் தள்ளித் தட்டினார். அதுவும் நன்றாகவே ஒலித்தது. நடுவில் தட்டியபோது ஈரமண்ணைத் தட்டினது மாதிரி பொத்தென்றது.

சுத்தியல் நின்றது. மறுபடி தட்டினார், அதே சத்தம். வீரம்மாள் உத்திரத்தில் உள்ளங்கையை வைத்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

சாமிக்கண்ணு ஏணிக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குக் கேட்டது.

"வீரம்மா, எறங்கிரு. மேடம் நல்லாருக்குன்னு எழுதப் போறாங்க. நீ ஒண்ணும் சொல்லாத."

"இந்தக் கல்லு போயிருச்சு மாமா."

"ஆயிரம் வருசமா நிக்கிது. இன்னம் நிக்கும். ஒம் புருசனுக்கு இதானே சோறு. யோசிச்சுப் பேசு."

வீரம்மாள் மேலேயிருந்து அவரைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை.

"குவாரில இதே சத்தம் கேட்டுச்சு மாமா. கல்லு சரியில்லன்னு நான் சொன்னேன். மேஸ்திரி ஒண்ணும் ஆவாதுன்னாரு. எங்கண்ணன் அதுக்குக் கீழ போயி நின்னான். இருவத்தி மூணு வயசு." பிறகு பிரவீணா பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னார். "மேடம், இங்க வாங்க. நீங்க பாக்க வேண்டியது இதத்தான்."

வெள்ளையைச் சுரண்டினார்கள். விரற்கடை கனத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்த பிறகு கல் தெரிந்தது. நடுவில் தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு. பிரவீணா தகட்டை நுழைத்தார். அது முழுவதும் உள்ளே இறங்கிவிட்டது. அவர் ஏணியிலிருந்து இறங்கியதும் செய்த முதல் காரியம், மண்டபத்துக்குள் நின்ற எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னதுதான்.

கூட்டத்தின் பேச்சு மாறிவிட்டது. காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத் தானே கெடுத்துக்கொண்டாள் என்று ஒரு பெண் சொன்னாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்றார் இன்னொருவர். வீரம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கீழே வைத்த காப்பிப் பாத்திரத்தை எடுத்து மிச்சம் இருந்ததை ஊற்றிக் கொடுத்தார். திட்டியவர்களும் வாங்கிக் குடித்தார்கள்.

பிரவீணா மழைக்கு ஒதுங்கி, வேப்பமரத்தடியில் நின்றபடி போனில் தன் மேலதிகாரியிடம் அரைமணி நேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு நேரே வீரம்மாளிடம் வந்தார். முன் உத்திரம் முனைக்கு முனை வெடித்தது என்று எழுதியிருந்தால் முட்டுக் கொடுக்க வழியில்லாமல் மண்டபம் முழுவதையும் பிரிக்க வேண்டி வந்திருக்கும், இது நடுவில் மட்டும்தான் வெடித்திருக்கிறது, மாற்ற வேண்டியது ஒரே ஒரு கல், கருவறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இன்றைக்கே முட்டுக் கொடுத்துவிட்டால் சாமியை எடுக்க வேண்டாம், ஜனங்கள் வாசலுக்கு வெளியே நின்று கும்பிடட்டும் என்றார். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். கடைசியாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அவர் அதிகம் சத்தம் போடாத பெண். அதை மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னார்.

"நான் பாத்தது முன் உத்திரத்த மட்டுந்தான். இந்தம்மா சொல்லலன்னா நல்லாருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். வர்ற பிரதோஷத்துக்கு நீங்க எல்லாம் இதுக்குக் கீழதான் நின்னிருப்பீங்க."

காப்பாற்றிக் கெடுத்தாள் என்று சொன்ன பெண் இடுப்பிலிருந்த குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டாள்.

இரும்பு முட்டுகளுக்கு லப்பைக்குடிக்காட்டு ஹபிபுல்லாவுக்குச் சொல்லி அனுப்பினோம். துபாயில் பதினெட்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்து சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிறவர். மூன்று மணிக்கு மினிலாரியோடு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். சாமிக்கண்ணுதான் அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். எந்த இடத்தில் முட்டு நிற்க வேண்டும் என்று வீரம்மாள் கரித்துண்டால் தரையில் குறி போட்டார். பிரவீணா அளந்து பார்த்துச் சரி என்றார். ஆறு முட்டுகளையும் திருகி நிறுத்திவிட்டு ஹபிபுல்லா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்ஷா அல்லா ஒண்ணும் ஆவாதுக்கா. கல்லு வந்து சேர்ற வரைக்கும் இது இங்கயே கெடக்கட்டும். நான் கேக்க மாட்டேன்."

வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்தது. வீரம்மாள் விளக்குப் போட்டார். பிறகு நானே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியில் என் தப்பை ஒப்புக்கொண்டேன். வெடிப்பு என்று நான் சொன்னது தெரியாமல் சொன்னது என்றேன். அதற்கு அவர், பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் சார், தட்டினால்தான் தெரியும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

கொளஞ்சியப்பனிடம் நடந்ததை நான்தான் சொன்னேன். உள் உத்திரம் என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. இருபத்திரண்டு வருடம் அதற்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறேன் சார் என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் நீ ஏன் புள்ள தட்டிப் பாக்கல?"

"என்னைக்கு என்னைய ஏற விட்டீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். கொளஞ்சியப்பனும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. மறுநாளிலிருந்து, இட்லி கொண்டுவருகிற பெண் முதல் காலைப் பார்க்க வருகிற டாக்டர் வரை, அந்த வார்டில் அவர் அந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை. யானை, ராஜா, கூடாரம் ஒன்றும் அதில் கிடையாது. ஏணியும் சுத்தியலும் மட்டும்தான். அதை அவர் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாசியில் புதுக் கல் வந்தது. லாரியில் வந்திறங்கிய முதல் கல்லைப் பார்த்ததும் ஊரே கைதட்டியது. பிரவீணா, வீரம்மாவைக் கூப்பிடுங்கள் என்றார். வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்த கொல்லையிலிருந்து கை கழுவாமல் வந்தார். நெடுகத் தட்டினார். ஒரு முனையில் நின்று, இங்கே ஒரு சாண் உள்ளே வெடிப்பு விட்டிருக்கிறது என்றார். கல் கொண்டுவந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. சோதனைச் சீட்டு இருக்கிறது என்று காட்டினார். வேண்டுமானால் அந்த முனையை வெட்டிப் பாருங்கள் என்று வீரம்மாள் சொல்லிவிட்டு வெங்காயத்துக்குப் போய்விட்டார். வெட்டினார்கள். சொன்ன இடத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஆள் அவரை வாங்கம்மா, போங்கம்மா என்றுதான் பேசினார். இரண்டாவது கல்லில் நரம்பு குறுக்கே ஓடியது. அதைத் தட்டக்கூட இல்லை, கையைக் காட்டி அனுப்பிவிட்டார். மூன்றாவது கல்லுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். அதை அவர் தலையிலிருந்து கால்வரை இரண்டு தடவை தட்டினார். குப்புறப் புரட்டச் சொல்லி மறுபடி தட்டினார்.

"இத ஏத்துங்க" என்றார்.

ஏற்றிய அன்று வெயில். மலை துலக்கமாகத் தெரிந்தது. கூரைக் கற்களையும் முட்டுகளையும் ஒதுக்கிவிட்டுப் பழைய உத்திரத்தை இறக்கியபோது அது நடுவில் தானாகவே இரண்டாகப் பிரிந்து சங்கிலியில் தொங்கியது. பார்த்துக்கொண்டிருந்த ஜனம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. புதுக் கல் சங்கிலிக் கப்பியில் அங்குலம் அங்குலமாக மேலே போய், இரண்டு தூண் தலைகளிலும் உட்கார்ந்தது. முட்டுகளை அதன் கீழே மறுபடி நிறுத்தி, கூரைப் பலகைக் கற்களை ஒவ்வொன்றாக அதன்மேல் இறக்கினார்கள். நாலு மணிக்கு மேல் ஹபிபுல்லாவின் ஆட்கள் முட்டுகளைத் திருகி எடுக்கத் தொடங்கினார்கள். ஆறாவது முட்டு வெளியே வந்ததும் மண்டபம் தன் சொந்தக் காலில் நின்றது.

கருவறையில் விளக்கு எரிந்தது. குருக்கள் தீபாராதனைத் தட்டோடு காத்திருந்தார். மூன்று மாதமாக வெளியே நின்று கும்பிட்ட ஜனம் வாசலிலேயே நின்றது. சாமிக்கண்ணு முதல் ஆளாகப் போக வேண்டியவர். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே நின்றார். ஒருவரும் அந்தக் கல்லுக்குக் கீழே காலை வைக்கவில்லை.

வீரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். உத்திரத்துக்கு நேர் கீழே, நடு இடத்தில் போய் நின்று, மேலே அண்ணாந்து பார்த்தார். கும்பிடவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, ஊன்றுகோலைப் பிடித்தபடி வாசலில் நின்ற கொளஞ்சியப்பனைப் பார்த்தார்.

"வாங்க" என்றார்.